கேசட்டா, போனா: பழைய பாட்டைத் திரும்பக் கேட்க எது?

செவ்வாய்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து என் காலேஜ் காலத்துக் கேசட்டுகளை இறக்கினேன். 90 நிமிஷக் கேசட், பக்கத்துக்கு 45. லிஸ்ட் எழுதிக் கடையில் கொடுத்து, எல்லாம் இளையராஜா பாட்டாகப் பதிந்து வாங்கியது. அதே பாட்டுகள் போனிலும் இருக்கின்றன. ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

துல்லியம் என்றால் போன்தான், பேச்சே இல்லை. இத்தனை வருஷம் கேட்ட பாட்டுக்குள் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டிருந்ததை ஹெட்போனில்தான் முதன்முதலாகக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது.

கேசட்டுக்கு வேலை அதிகம். நாடா தளர்ந்திருந்தால் பென்சில் விட்டுச் சுற்ற வேண்டும், பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டிய நாடா, பிளேயருக்குள் அதை ஓட்டும் பெல்ட் தளர்ந்தால் இழுக்கும், சுருதி இறங்கிவிடும். 'உஸ்' சத்தம் வேறு. (வயதாக ஆகக் காதில் மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் குறையும், அதனால் இப்போது அது அவ்வளவாக உறுத்தவில்லை.)

ஆனால் அந்த வரிசை! ஒரு பாட்டு முடிந்த இரண்டு நொடி மௌனத்திலேயே அடுத்த பாட்டின் வயலின் மனசுக்குள் தொடங்கிவிடுகிறது. போன் அங்கே வேறெதையோ போடுகிறது. பி பக்கம் நாலாவது பாட்டின் நடுவில், ரெக்கார்ட் பட்டன் தவறி அமுங்கி, "சோறு ஆறுதுடா" என்று அம்மா கூப்பிட்டது பதிந்திருக்கிறது. அதை எந்தப் போனில் தேடுவேன்?

ஏற்காட்டுக்கு ஏறும்போது, அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு, முன்கூட்டியே டவுன்லோடு செய்த போன் போதும். வீட்டில், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, எனக்குக் கேசட்தான்.