பக்கத்து மனையில் 14 மாடி: பேசுவதா, மனு போடுவதா, கோர்ட்டா, ஜே.வி.யா?

எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கு மேற்கே ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. அதன் ஸ்பீக்கரைத் திட்டாத ஆள் எங்கள் 24 வீடுகளிலும் கிடையாது. முகூர்த்தம் இல்லாத ஒரு மார்கழியில் அதை இடித்தார்கள். சித்திரைக்குள் தகர வேலி, ஜேசிபி, பைலிங் மெஷின் எல்லாம் வந்தாயிற்று. 14 மாடி என்று போர்டும் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு மொட்டை மாடியில் கூட்டம். ‘இதுக்கு மண்டபமே பரவாயில்ல சார்’ என்று முதலில் சொன்னவர், மண்டபத்தை மூடச் சொல்லி அதிகம் மனு எழுதியவர்தான்.

கூட்டத்தில் நாலு கட்சி. பில்டரிடம் பேசி வேண்டியதை எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றார் செகரட்டரி. கட்டட அனுமதி கொடுக்கிற சி.எம்.டி.ஏ.வுக்கு மனு போடலாம் என்றது பி பிளாக். ஸ்டே வாங்கிவிடலாம் என்று ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர். நாமும் ஜே.வி., அதாவது ஒரு பில்டரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு, நம் கட்டடத்தை இடித்துக் கட்டக் கொடுத்துவிட்டுப் புது வீடு வாங்கிக்கொள்ளலாமே என்று இளசுகள். சங்கத்தின் பொருளாளர் என்பதால் நாலுக்கும் விசாரித்து வரும் வேலை என் தலையில் விழுந்தது.

போனதும் ஒன்று புரிந்தது. எங்களில் பாதிப் பேருடைய கோபம் சட்டத்தில் இல்லாத ஒரு விஷயத்தின் மேல். ‘14 மாடிக்கு எப்படிப் பர்மிஷன் கொடுத்தான்?’ என்பதுதான் எல்லோர் கேள்வியும். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பதில் இருக்கிறது. 18.30 மீட்டர் உயரம் வரை சாதாரணக் கட்டடம், அதற்கு மேல் போனால் ஹைரைஸ். சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 2. சாலை 18 மீட்டர் அகலம் இருந்தால் ஹைரைஸுக்கு 3.25. அதற்கு மேல் பிரீமியம் என்ற கூடுதல் கட்டணம் கட்டினால் இன்னும் 50 சதவீதம் வரை வாங்கலாம். பத்து கிரவுண்டு மனை, அதாவது 24,000 சதுர அடி என்றால் முதல் கணக்கில் 48,000 சதுர அடி, இரண்டாவதில் 78,000, பிரீமியத்தோடு 1,17,000. எந்த பில்டர் ஐந்து மாடியோடு நிறுத்துவான்?

ஐந்து மாடியாக இருந்தால் நமக்கு நல்லது என்பதும் முழுக்கச் சரியில்லை. ஹைரைஸ் என்றால் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். உயரம் கூடக் கூட அதுவும் கூடும். தீயணைப்பு வண்டி சுற்றி வர வேண்டுமே. சின்னக் கட்டடத்துக்கு அவ்வளவு இடம் விடத் தேவையில்லை. அவர்கள் வீட்டுக் குக்கர் விசில் நம் ஹாலில் கேட்கும். இதைச் சொன்னதும் பி பிளாக்கில் கொஞ்சம் அமைதி.

காற்றும் வெளிச்சமும்? 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டப்படி, ஒரு கட்டடம் 20 வருஷம் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கேட்கலாம். ஆனால் இழப்பு கணிசமானது என்று நிரூபிக்க வேண்டும். ஜன்னலில் தெரிந்த சாயங்கால வானத்துக்கு அதில் இடமில்லை. ‘வியூ உங்க சொத்து இல்ல சார், பக்கத்து மனைக்காரர் இவ்வளவு நாள் கொடுத்த கடன்’ என்றார் வக்கீல். அதற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் வாங்கினார்.

கோர்ட் பேச்சு எடுத்தாலே எல்லோரும் நொய்டாவைச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டிய கதைதான். எமரால்டு கோர்ட் குடியிருப்பின் சங்கம் 2012-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இரட்டை கோபுரங்களை இடிக்கச் சொல்லி 2014 ஏப்ரலில் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் அதை 2021 ஆகஸ்ட் 31 அன்று உறுதி செய்து, சங்கத்துக்கு 2 கோடி ரூபாய் கொடுக்கவும் சொன்னது. 2022 ஆகஸ்ட் 28 அன்று ஒன்பதே விநாடியில் இரண்டும் தரைமட்டம். டி.வி.யில் பார்த்தோம். ஆனால் எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம், அந்தக் கோபுரங்கள் பக்கத்து மனையில் வரவில்லை என்பது. அவர்களுடைய சொந்த வளாகத்துக்குள், தோட்டம் என்று பிளானில் காட்டியிருந்த இடத்தில் வந்தன. 16 மீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 9 மீட்டர்தான் இருந்தது. வீட்டுக்காரர்களின் சம்மதமும் வாங்கவில்லை. அவ்வளவு வலுவான கேஸுக்கே பத்து வருஷம். எங்களிடம் இருந்ததோ, ‘மறைக்கிறது’ என்ற ஒரு வரி.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறதே என்றார்கள். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானத்துக்குத்தான் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த அனுமதியை எதிர்த்து முறையீடு செய்ய 30 நாள், தகுந்த காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். பக்கத்து மனை அந்த அளவை எட்டவில்லை. எதிர்க்க அனுமதி என்ற ஒன்றே இல்லை. உங்கள் பக்கத்தில் வருவது பெரிய டவுன்ஷிப் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேதியைத்தான்.

ஜே.வி.யை நான் நாலே வரியில் முடித்துவிடுகிறேன். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் இருந்தால் இடித்துக் கட்டலாம். எங்களுக்கு 16 வீடு வேண்டும், ஒன்பதுதான் தேறியது. தேறியிருந்தாலும் லாபமில்லை. மண்டபம் மெயின் ரோட்டில் இருந்தது, நாங்கள் இருப்பது 30 அடிச் சந்தில். எங்கள் யூ.டி.எஸ்.ஸுக்கு, அதாவது நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்குக்கு, பக்கத்து மனையின் விலை வராது.

ஆக, மனுவும் பேச்சும்தான் மிச்சம்.

மனு என்றால் எழும்பூர் சி.எம்.டி.ஏ. ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீதோடு திரும்புவது என்று நினைக்கிறோம். வெறும் புகாருக்குப் பலமில்லை. அனுமதிக்கப்பட்ட பிளான் கையில் இருந்தால் கதை வேறு. 500 சதுர மீட்டரோ எட்டு வீடோ தாண்டினால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு கட்டாயம். அந்தத் தளத்திலேயே புராஜெக்ட் விவரங்கள் கிடைக்கும். இல்லாவிட்டால் பத்து ரூபாயில் ஆர்.டி.ஐ. என்ற தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். பிளானில் 7 மீட்டர், தரையில் 5 மீட்டர் என்றால், ‘தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்’ என்று கெஞ்ச வேண்டியதில்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வேலையை நிறுத்தவும் சீல் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் இல்லாமல் ஹைரைஸுக்கு மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்காது. பில்டர் பயப்படுவது அதற்குத்தான். நாங்கள் டேப் பிடித்து அளந்தோம். அளவு சரியாகவே இருந்தது. சிலருக்கு ஏமாற்றம்.

பேச்சுக்குப் பலம் வருவது பள்ளம் தோண்டுவதற்கு முன்னால் மட்டும். பைலிங் முடிந்து பேஸ்மென்ட் தோண்டும்போதுதான் பக்கத்துக் கட்டடத்துக்கு ஆபத்தும், பில்டருக்கு அவசரமும். மவுலிவாக்கத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2014 ஜூன் 28 அன்று மழையில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில்தான் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதுவரை சுற்றியிருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் தூங்கினார்கள்.

எங்கள் செகரட்டரி எழுதி வாங்கியது ஒன்றரைப் பக்கம். வேலை நேரம் காலை 7 முதல் இரவு 8 வரை. மேற்குப் பக்கம் முழுக்கப் பச்சை வலை. தோண்டும் முன் இரண்டு தரப்பு இன்ஜினியரும் சேர்ந்து எங்கள் 24 வீடுகளின் விரிசல்களையும் தேதியோடு படமெடுக்க வேண்டும். பேஸ்மென்ட்டுக்குத் தண்ணீர் இறைக்கும்போது எங்கள் போர் வற்றினால் லாரித் தண்ணீர் அவர்கள் செலவு. இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர் மூன்றாம் மாடி மாமி. ‘எங்க அண்ணா ஃபிளாட்ல இப்படித்தான் ஆச்சு’ என்றார். பள்ளம் இறங்கிய மூன்றாவது வாரம் எங்கள் போர் காற்றைத்தான் கக்கியது. இரண்டு மாதம் லாரி வந்தது, பில் எங்களுக்கு வரவில்லை.

கோட்டை விட்டது ஒன்று உண்டு. கான்கிரீட் லாரி. பகலில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு என்பதால் ஸ்லாப் போடும் நாளில் அவை ராத்திரி 11 மணிக்குத்தான் வரிசைகட்டும். எட்டு மணியோடு வேலை முடியும் என்று எழுதியிருக்கிறதே என்றால், ‘ஸ்லாப் அன்னிக்கு மட்டும் சார்’ என்பார் சைட் இன்ஜினியர். இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. நூறுக்கு அடித்தால் போலீஸ் வரும், வண்டி நிற்கும், அவர்கள் போனதும் மறுபடி உறுமும். மாதம் எத்தனை ஸ்லாப், முன்னாடியே எத்தனை நாள் நோட்டீஸ் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். நீங்களாவது எழுதி வாங்குங்கள்.

அதனால் என் வரிசை இது: முதல் வாரமே ரெரா தளம், ஆர்.டி.ஐ. கூடவே பேச்சு, ஆனால் வாய்ப்பேச்சில்லை, லெட்டர்ஹெட்டில். பிளானை மீறினால் மனு. மனுவுக்கு அசையாவிட்டால் கோர்ட். பேங்க் மேனேஜர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டீஸாவது அனுப்பியிருக்கலாம் என்கிறார். அதற்கான வசூலை ஆரம்பித்தபோது முதலில் ஊருக்குப் போனவரும் அவர்தான்.

இப்போது ஒன்பதாவது ஸ்லாப். எங்கள் மாடிப்படிச் சுவரில் ஐந்து விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதியிருக்கிறது. சுவர் அசைந்தால் கண்ணாடி தெறித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு முன்னால் மாமி டார்ச்சோடு ஒரு சுற்றுப் போய் வருவார். போன மாதம் ஒன்று உடைந்திருந்தது. செகரட்டரி ஓடினார், இரண்டு இன்ஜினியர்களும் வந்தார்கள், ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள். முதல் மாடிப் பையன் மட்டும் கிரிக்கெட் பந்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.