வார்ப்பிரும்பு வாணலி: பயன்படுத்திப் பார்த்த பின்

வீட்டுச் சமையலுக்காக வாங்கிய இந்த வார்ப்பிரும்பு வாணலி சூடேற நேரம் எடுத்துக்கொண்டாலும், ஏறிய சூட்டை எளிதில் விடுவதில்லை என்பதால், நறுக்கிய காய்களைக் கொட்டியதும் அவை நீர்விட்டு வேகாமல் ஓரம் சிவந்து வதங்குகின்றன; சிற்றுண்டிக் கடைகளின் கனத்த கல்லில் எழும் அந்த முறுகல் மணம் வீட்டிலேயே கிடைப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. மெல்லிய எண்ணெய்ப் பூச்சைச் சூடேற்றிப் பழக்கினால், அது கெட்டிப்பட்டு ஒட்டாத படலமாகப் படிகிறது. தக்காளி போன்ற புளிப்பானவற்றை நெடுநேரம் கொதிக்கவிட்டால் அப்படலம் சிதைந்து, உணவில் இரும்பு வாடை ஏறிவிடும். கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, அடுப்பில் காட்டி உலர்த்தாவிட்டால் துரு பிடிக்கும். எடைதான் உண்மையான குறை: ஒரு கையால் தூக்கிச் சரிக்க முடியவில்லை. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்கள் தயங்காமல் வாங்கலாம்.