நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல்: பெங்களூரில் யாருக்குப் போன் போடுவது?

கனடாவின் பல மாகாணங்களில் 811 என்ற எண்ணை அழுத்தினால் பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் பேசுவார். அறிகுறிகளைக் கேட்டுவிட்டு, "வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்", "நாளை காலை டாக்டரிடம் காட்டுங்கள்", "இப்போதே கிளம்புங்கள்" என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார். அந்தப் பக்கம் குடியேறிய உறவினர்கள் இதைச் சொல்லும்போது, பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு கேள்வி எழும்: இங்கே அப்படி யார் இருக்கிறார்கள்? அதே வேலையை முழுதாகச் செய்யும் ஒற்றை எண் இங்கே கைக்குப் பழகவில்லை. நான்கைந்து வழிகள் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எந்த நேரத்தில், எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

எந்த எண்ணை அழுத்தினாலும் எதிர்முனையில் இருப்பவருக்குக் குழந்தை தெரியாது, உங்கள் குரல் மட்டும்தான் கேட்கும். "உடம்பு அனலாய்க் கொதிக்குது" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "கக்கத்தில் வைத்துப் பார்த்தோம், 101.8, நேற்று மாலையிலிருந்து" என்றால் முடியும். ஆகவே போனை எடுக்கும் முன் ஐந்து விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வயது (கைக்குழந்தை என்றால் மாதத்தில்), எடை, காய்ச்சலின் அளவும் தொடங்கிய நேரமும், கடைசியாகச் சிறுநீர் போன நேரம், ஏற்கெனவே கொடுத்த மருந்தும் கொடுத்த நேரமும். மூச்சு வாங்குவது போலத் தெரிந்தால், குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சிறு குழந்தைகளில் தப்பாகிவிடும், அவர்கள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. ஆலோசனை கேட்டுக்கொண்டு இருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

104, ஆரோக்யவாணி

கர்நாடக அரசின் இலவச உடல்நல உதவி எண். வழக்கமான டாக்டர் கிடைக்காதபோது, 'கிளம்புவதா, விடியும் வரை பொறுப்பதா' என்ற கேள்வியோடு முதலில் அழுத்த வேண்டியது இதைத்தான். வாந்தி, பேதி, சாதாரணக் காய்ச்சல், சளி, எந்த அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது என்ற தகவல் ஆகியவற்றுக்கு இது பொருத்தம். முதலில் எடுப்பவர் பெயர், வயது, ஊர் கேட்டுப் பதிந்துகொள்வார். அவரிடமே முழுக் கதையையும் கொட்டிவிடாதீர்கள், ஆலோசகர் இணைப்புக்கு வந்ததும் சொல்லுங்கள்.

பலர் தயங்குவது மொழிக்காகத்தான். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்த பாட்டி தனியாக இருக்கும்போதுதான் சிக்கல். கன்னடத்தில் காய்ச்சல் 'ஜ்வர', இருமல் 'கெம்மு'. வாந்தியும் பேதியும் அங்கேயும் அதேதான். ஒரு சொல் மட்டும் ஆளைக் கவிழ்க்கும்: 'தூக எஷ்டு?' என்று கேட்டால் குழந்தையின் எடை எவ்வளவு என்று பொருள். தூக்கத்தைப் பற்றிய கேள்வி என்று நினைத்து "ரெண்டு மணி நேரம்" என்று பதில் சொன்னால் மருந்தின் அளவே குழம்பிப்போகும். தூக்கத்துக்கு அவர்கள் சொல்வது 'நித்தெ'. ஃப்ரிட்ஜ் கதவில் குழந்தையின் எடையைக் கிலோவில் எழுதி ஒட்டி வைத்தால் பாட்டியும் பதற்றமில்லாமல் பேசலாம்.

இ-சஞ்சீவனி

மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவை, இதுவும் இலவசம். இங்கே பேசுபவர் டாக்டர். மொபைல் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டுப் பதிந்து, வரிசையில் காத்திருந்து, வீடியோவில் பேசலாம். முடிந்ததும் மருந்துச்சீட்டு மொபைலுக்கே வரும். நடு இரவில் அவசரமாக நம்ப இது ஏற்றதல்ல. பகலில் தோலில் தடிப்பு, கண்ணில் பீளை, பெரியவர்களின் சர்க்கரை மருந்து பற்றிய சந்தேகம் போல, கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியவற்றுக்கு 104ஐ விட இதுதான் மேல். தடிப்பைக் காட்டும்போது டியூப்லைட்டுக்கு நேர் கீழே நிற்காமல் ஜன்னல் பக்கம் போங்கள். விரலால் அழுத்தினால் சிவப்பு மறைகிறதா என்பதையும் காட்டுங்கள்.

போனில் எதை எழுதித் தரலாம் என்பதற்கு 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. செவிலியர் மருந்து எழுதித் தர முடியாது, பதிவுபெற்ற டாக்டர் மட்டுமே தரலாம். முதல் முறை பேசுவது வெறும் குரல் அழைப்பு என்றால் பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்று சீட்டில்லாமல் கிடைப்பவைதான் வரும். ஆகவே ஆன்டிபயாட்டிக் தரவில்லை என்று அந்த டாக்டரைக் குறை சொல்லாதீர்கள், அவர் சரியாக நடந்துகொள்கிறார். சீட்டு வந்தால் அதில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வழக்கமான டாக்டரின் கிளினிக் எண்

எங்களைக் கேட்டால் முதலிடம் இதற்குத்தான். குழந்தையின் எடை, பழைய வீசிங், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அங்கே தெரியும். ஆனால் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டு நீல டிக்குக்காகக் காத்திருப்பது ஆபத்தான பழக்கம். டாக்டர் தூங்கியிருக்கலாம். அரை மணி நேரத்தில் பதில் வரவில்லை என்றால் 104ஐ அழுத்துங்கள். தடுப்பூசி போட வரும் நாளிலேயே "ராத்திரி எந்த எண்ணில் கூப்பிடலாம்?" என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அலுவலகக் காப்பீட்டோடு வரும் 24 மணி நேரத் தொலைபேசி டாக்டர் சேவையை ஐடி வேலையில் இருப்பவர்கள் மறந்தே போகிறார்கள். காப்பீட்டு அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். அழைக்கும் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் வருவார் என்பதுதான் அதன் குறை, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மருந்துக்கடை

வேகம் என்று பார்த்தால் இதை யாரும் முந்த முடியாது. ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், தெர்மாமீட்டர் வாங்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கவுண்டரில் எடுத்துக் கொடுக்கும் இருமல் சிரப் வேண்டாம். 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து எழுத வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறையே 2025 அக்டோபரில் டாக்டர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

போனில் அளவு கேட்கும்போது பெரும்பாலும் தவறு நடப்பது பாராசிட்டமாலில்தான். ஒரே மருந்து மூன்று செறிவுகளில் விற்கிறது: 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி., 5 மி.லி.யில் 250 மி.கி., சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மி.கி. கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கில் 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 180 மி.கி. வருகிறது. 120 சிரப்பில் அது 7.5 மி.லி., 250 சிரப்பில் 3.6 மி.லி., சொட்டு மருந்தில் 1.8 மி.லி. "அஞ்சு எம்.எல். குடுங்க" என்று போனில் சொன்னதைக் கேட்டு வீட்டிலிருந்த சொட்டு மருந்தில் 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும், தேவையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எனவே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு லேபிளை வாய்விட்டுப் படித்த பிறகே அளவு கேளுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சு போதும். இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. எட்டு மணிக்குப் பாட்டி கொடுத்ததை அறியாமல் ஒன்பது மணிக்கு அம்மா மறுபடி கொடுப்பது பல வீடுகளில் நடக்கும், அதற்காகத்தான் அந்தத் தாள்.

ஓ.ஆர்.எஸ். விஷயத்திலும் இதே கதைதான். பெரிய பாக்கெட் முழு லிட்டருக்கு, சிறியது 200 மி.லி.க்கு. பெரிய பாக்கெட்டில் கொஞ்சம் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிப்போய் நிலைமை மோசமாகும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள்.

ஆலோசனையே கேட்கக் கூடாத நேரம்

3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலே நேராக மருத்துவமனைதான். வலிப்பு, உதடு நீலம் பூத்தல், எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, பெரியவர்களுக்கு வாய் கோணுதல், நெஞ்சு அடைப்பு என்றால் 108. மழைக்காலத்தில் டெங்குவையும் நினைவில் வையுங்கள். மூன்றாம், நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியடைந்துவிடுவோம், ஆனால் சிக்கல் தொடங்கும் நேரமும் அதுதான். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சுருண்டு படுத்தல் தெரிந்தால் போனை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் தொடக் கூடாது.

108இல் முகவரி சொல்லும்போது "மூணாவது கிராஸ், ரெண்டாவது மெயின்" என்று நிறுத்தினால் ஆம்புலன்ஸ் திண்டாடும். பெங்களூரில் ஏறக்குறைய ஒவ்வொரு லேஅவுட்டிலும் அப்படி ஒரு முனை இருக்கும். முதலில் பகுதியின் பெயர், அடுத்து ஸ்டேஜ் அல்லது பிளாக், பிறகு கிராஸும் மெயினும், கடைசியாகக் கோயிலோ பள்ளியோ ஓர் அடையாளம். சொல்லி முடித்ததும் ஒருவர் டார்ச்சோடு தெருமுனையில் போய் நிற்கட்டும்.