லாயத்துக்கே வரும் குதிரை மருத்துவச் சேவை: ஓராண்டு அனுபவம்

கோவைக்கு அருகே இரண்டு குதிரைகளை வளர்க்கும் நான், லாயத்துக்கே வந்து பார்க்கும் தனியார் கால்நடை மருத்துவக் குழு ஒன்றில் ஓராண்டுச் சந்தா கட்டியிருந்தேன். முதல் வருகையில் மருத்துவர் ஊசியைத் தொடவே இல்லை; விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் குடலோசையை நிதானமாகக் கேட்டார், காய்ச்சல் இல்லை என்று குறித்துக்கொண்டார், பிறகு வாயைத் திறந்து டார்ச் அடித்து, மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கூர்மையாகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்ததைக் காட்டினார். கொள்ளைப் பாதி மென்று துப்பியதற்கு அதுவே காரணம். நாங்களோ தீவனக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

தொற்றுநோய்த் தடுப்பில்தான் இவர்களின் கண்டிப்பு தெரிந்தது. வடமாநிலச் சந்தையில் வாங்கிய பெட்டைக் குதிரையை மூன்று வாரம் தனியே கட்டச் சொல்லி, தண்ணீர்த் தொட்டியையும் துலக்கும் பிரஷ்ஷையும் பிரித்துவைத்து, மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்காக இரத்தம் எடுத்து அனுப்பினர். அந்நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதே நடைமுறை என்பதால், முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோயைப் பற்றிக் குதிரைக்காரருக்குப் பொறுமையாக விளக்கி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் கால்வீக்கத்தையும் கவனிக்கச் சொன்னார்கள்.

குறையும் உண்டு. ஒரு நள்ளிரவில் மூத்த குதிரை வயிற்றுவலியால் தரையில் புரண்டபோது, அவசர எண்ணை ஒரு மணி நேரம் யாரும் எடுக்கவில்லை. இரவுநேர மருத்துவரின் நேரடி எண்ணை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே சந்தாவைப் புதுப்பித்தேன்.