யோஷினோ சகுரா பஸ் டூர்: பணம் கட்டும் முன் படியுங்கள்

ஜப்பானில் ஓசாக்காவிலிருந்து யோஷினோ மலைக்குச் சகுரா (செர்ரிப் பூ) பார்க்க ஒருநாள் பஸ் டூர் போட நினைப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போன ஏப்ரலில் திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு, ஆளுக்கு 13,800 யென் கொடுத்துப் போய் ஏமாந்து வந்தேன்.

விளம்பரப் படம் ஹனயகுரா மேட்டிலிருந்து எடுத்தது. மலைச்சரிவு முழுக்கப் பூ, நடுவில் ஸாஓதோ கோயிலின் பெரிய கூரை. மலையில் நான்கு மணி நேரம், சைவச் சாப்பாடு, முழு மலர்ச்சி உறுதி என்று எழுதியிருந்தார்கள். அந்த மேடு மலையில் எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. ஏமாற்று வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

யோஷினோவில் சுமார் 30,000 சகுரா மரங்கள். பெரும்பாலும் காட்டு வகை. செந்தளிரும் வெள்ளைப் பூவும் சேர்ந்தே வரும். ஸாஓதோ கோயிலில் இருக்கும் ஸாஓ தெய்வத்தின் உருவத்தைச் சகுரா மரத்தில் செதுக்கினார்கள் என்பது ஐதீகம், அதனால் பக்தர்கள் நூற்றாண்டுகளாக நட்டு வளர்த்த மரங்கள் இவை. மலையடிவாரத்திலிருந்து ஷிமோ, நகா, கமி, ஒகு என்று நான்கு பகுதிகள். ஷிமோ என்றால் கீழே, கமி என்றால் மேலே. ஏப்ரல் தொடக்கத்தில் கீழே பூக்கத் தொடங்கி, நாள் போகப் போகப் பூ மலையேறும். கீழே உதிர்ந்த பிறகுதான் உச்சியில் பூக்கும். ஹனயகுரா இருப்பது கமி பகுதியில்.

நாங்கள் போனது ஏப்ரல் 11. காலை எட்டு மணிக்குக் கிளம்பிய பஸ், கழிவறைக்கு என்று சொல்லி ஒரு பரிசுப்பொருள் கடையில் ஒரு மணி பத்து நிமிடம் நின்றது. சகுரா சீசனில் அந்த மலைப்பாதையில் போக்குவரத்து நெரிசல் எப்போதும் உண்டு. அது தெரிந்தே கடையில் நிறுத்தினார்கள். மலைக்கு வந்து சேர்ந்தபோது மணி 12.40. இறங்கியது ஷிமோ பகுதியில். 2.15க்கு எல்லோரும் பஸ்ஸுக்கு வந்துவிட வேண்டும் என்றார் கைடு. நான்கு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகிவிட்டது.

அங்கே மரமெல்லாம் இலை விட்டிருந்தது. பூவெல்லாம் தரையில் கிடந்தது. “இந்த வருஷம் சீக்கிரமே முடிந்துவிட்டது, எங்கள் கையில் இல்லை” என்றார் கைடு. நான் போனில் யோஷினோ சுற்றுலாச் சங்கத்தின் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் பூ நிலவரம் போடுவார்கள். கமி பகுதிக்கு நேரே ‘மன்காய்’ என்று இருந்தது, முழு மலர்ச்சி. பூ மேலே இருந்தது, நாங்கள் கீழே நின்றுகொண்டிருந்தோம். நடந்து ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அம்மாவுக்கு முட்டி வலி வேறு. கைடிடம் போனைக் காட்டினேன். பார்த்துவிட்டு, நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

சாப்பாட்டுப் பெட்டியில் பச்சை இலையில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். அம்மா ஒன்றைப் பிரித்து, முகர்ந்து, அப்படியே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “ஏன்டி, இதுல மீன் வாசனை அடிக்குதே?” அது ககினோஹா ஸுஷி. சீமைப் பனிச்சை (பெர்சிமன்) இலைக்குள் சோறு, அதன்மேல் உப்பிட்ட கானாங்கெளுத்தித் துண்டு. அந்த ஊரின் பேர்போன பலகாரம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாழ்நாளெல்லாம் சைவமாக இருக்கும் பெண்ணிடம் சைவம் என்று சொல்லி அதைக் கொடுத்ததுதான் அநியாயம். அம்மா அன்று பிஸ்கட் தின்று பசியாறினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கும் கிளம்பிவிட்டாள்.

டூர் நிறுவனத்திடம் புகார் செய்ததற்கு, அடுத்த டூரில் 2,000 யென் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜப்பானில் எங்கிருந்தும் 188 என்ற எண்ணுக்கு அழைத்தால் அந்தந்த ஊர் நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, சாப்பாட்டுப் பெட்டியின் போட்டோ எல்லாம் வைத்திருந்தேன். மையத்திலிருந்து அந்த நிறுவனத்திடம் பேசிய பிறகு ஆளுக்கு 5,000 யென் திரும்பி வந்தது.

நீங்களே ரயிலில் போகலாம். ஓசாக்காவின் அபெனோபாஷி நிலையத்திலிருந்து கின்டெட்ஸு நிறுவனத்தின் ரயில், யோஷினோ வரை சுமார் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும், டிக்கெட் ஆயிரத்துச் சொச்சம் யென். சீசனில் நிலையத்திலிருந்து நகா பகுதி வரை பஸ் விடுகிறார்கள், முட்டி வலி உள்ளவர்களுக்கும் சரிப்படும். டூர்தான் வேண்டும் என்றால், பஸ் எந்தப் பகுதியில் இறக்கும், மலையில் எத்தனை மணி நேரம், வழியில் எந்தக் கடையில் நிற்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். பயண நிறுவனப் பதிவு எண் விளம்பரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? ஜப்பானில் டூர்களுக்கான பொது ஒப்பந்த விதிப்படி ஒருநாள் டூரைக் கிளம்பும் தேதிக்குப் பதினொரு நாளுக்கு முன்பே ரத்து செய்தால் பிடித்தம் கிடையாது. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போதிலிருந்து 20 சதவீதம் வரை, ஏழு நாள் இருக்கும்போதிலிருந்து 30 சதவீதம் வரை பிடிப்பார்கள். தேதியை இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.