புல்லு வெட்டற மெஷின்: டிராக்டர் டைப்பா, ஜீரோ டர்னா? டெக்குக்கு அடியில பாத்துட்டு முடிவு பண்ணுங்க

பெங்களூருல ஒயிட்ஃபீல்டு தாண்டி ஒரு வில்லா லேஅவுட்டுக்கு மெயின்டனன்ஸ் நான்தான் பாத்துக்கறேன், ரெண்டரை ஏக்கர் புல்லு. போன மழைக்கு முன்னாடி கமிட்டில மன்றாடி ஒரு டிராக்டர் டைப் ரைடிங் மோவர் வாங்கினோம், அதாவது மேல உக்காந்து ஓட்டி புல்லு வெட்டற வண்டி. 42 இன்ச் டெக்கு (அடியில பிளேடை மூடியிருக்கற தகடு), சிங்கிள் சிலிண்டர், கியர் மாத்தாம ஆயில் பிரஷர்ல ஓடற ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன். அதே சமயத்துல பக்கத்து லேஅவுட்ல ஜீரோ டர்ன், அதாவது நின்ன இடத்துலயே திரும்பற மோவர், எடுத்தாங்க. ரெண்டையும் ஓட்டிட்டேன், ரெண்டுக்கும் அடியில படுத்தும் பாத்துட்டேன்.

எங்க வண்டி 15 மணி நேரம் கூட ஓடியிருக்காது, டெக்குல கரகரன்னு சத்தம். ஆஃப் பண்ணி பிளக் வயரை கழட்டிட்டு பிளேடை மேலயும் கீழயும் ஆட்டினா ஸ்பிண்டில், அதாவது பிளேடை தாங்கி சுத்தற தண்டு, அப்படியே ஆடுது, புது வண்டிங்க இது, வயிறு எரிஞ்சுது. ஹவுசிங் அலுமினியம், கிரீஸ் அடிக்கற நிப்பிளே கிடையாது, பேரிங் போச்சுன்னா முழு செட்டா மாத்துன்னு சொல்றாங்க. பக்கத்து லேஅவுட் மெஷின்ல காஸ்ட் அயர்ன் ஹவுசிங், நிப்பிள் இருக்கு, அவங்க தோட்டத்தை பாத்துக்கற மாலி அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர், மாசம் தவறாம கிரீஸ் கன் வச்சு ரெண்டு அழுத்து அழுத்திட்டு போயிடறார், சத்தமே இல்ல. ஷோரூம்ல எல்லாரும் ஹெச்பி எவ்வளவுன்னுதான் கேக்கறாங்க, நானும் அதைத்தான் கேட்டேன், ஸ்பிண்டிலை பாத்திருக்கணும்.

டெக்கு தகடும் அப்படித்தான். எங்களுது ஒரே ஷீட்டை பிரஸ்ல அழுத்தினது, அவங்களுது தகடு வெட்டி வெல்டு பண்ணது. கேஜ் நம்பர் சின்னதா இருந்தா தகடு தடிமன், 10 கேஜ்னா கிட்டத்தட்ட 3.4 மில்லி, 12 கேஜ்னா 2.7 மில்லிதான், ஜல்லிக்கல்லு ஒண்ணு அடிச்சா வித்தியாசம் உடனே தெரிஞ்சிடும். ஆனா நியாயமா சொல்லணும்னா பிரஸ் டெக்குல வளைவு நல்லா இருக்கறதால வெட்டின புல்லு சுத்தமா வெளிய வருது.

எல்லாத்தையும் குவாலிட்டி மேல போடவும் முடியாதுங்க. ஆரம்பத்துல எங்க வண்டி மேட்டுல இழுக்கவே இல்ல, டிரான்ஸ்மிஷன் போச்சுன்னே நெனச்சேன், அப்புறம் மேனுவல் பாத்தா ஹைட்ரோவுக்குள்ள காத்து நின்னிருக்கு, சக்கரத்தை ஃப்ரீயா விடற பைபாஸ் லீவரை இழுத்து வச்சுட்டு பெடலை முன்னும் பின்னும் மெதுவா சில தடவை அழுத்தினா காத்து வெளிய போயிடும்னு போட்டிருக்கு, செஞ்சேன், இழுக்குது. புல்லு ஒரு பக்கம் உசரம் ஒரு பக்கம் தாழ்வா வந்ததும் டயர் காத்துதான், ஏத்தி அனுப்பறப்ப கூடுதலா அடிச்சு விட்டிருந்தாங்க.

ஜீரோ டர்னுக்கு பின்சக்கரம் ரெண்டுக்கும் தனித்தனி ஹைட்ரோ, மரத்தை சுத்தி வெட்டறதுல அதை அடிச்சுக்க ஆளே இல்ல, எங்க வண்டி ரெண்டு மூணு ரவுண்டு போற இடத்துல அது ஒரே திருப்புல முடிச்சிடுது. ஆனா மழை ஈரத்துல ஒரு சக்கரத்தை நிறுத்தி திருப்பினா மெக்சிகன் புல்லு வேரோட பிய்யுது. ஈரச் சரிவுலயும் முன்னாடி இருக்கறது தானா எந்தப் பக்கமும் திரும்பற காஸ்டர் சக்கரம்ங்கறதால பிரேக் பிடிக்கிறது, திசை மாத்தறது எல்லாமே பின்சக்கரத்தை நம்பித்தான், அது வழுக்கிச்சுன்னா கன்ட்ரோலே போயிடும். எங்க கிளப்ஹவுஸ் பின்னாடி சரிவு இருக்கு, அங்க அந்த மெஷினை நான் ஏத்தவே மாட்டேன்.

அப்புறம் பிளேடை சுத்த வைக்கிற பெல்ட். ஜேசி ரோட்டுல சைஸ் பாத்து சாதா வி பெல்ட் வாங்கி மாட்டிடாதீங்க, மோவர் பெல்ட்டுக்குள்ள அராமிட்ங்கற நீளாத, வலுவான நூல் இருக்கும், சாதா பெல்ட் கிளட்ச் போட்டு எடுக்கிற இடத்துல சீக்கிரமே இளகிடும். இது ரெண்டு டைப்புக்கும் பொருந்தும்.

சமதரை, மரம் ஜாஸ்தின்னா ஜீரோ டர்னே எடுங்க. சரிவு இருந்தா டிராக்டர் டைப்தான், ஆனா காஸ்ட் அயர்ன் ஸ்பிண்டில், நிப்பிள் ரெண்டும் இருக்கற மாடலுக்கு கொஞ்சம் கூட குடுத்தாலும் பரவால்ல. எங்களுக்கு வாரன்டில ஸ்பிண்டில் மாத்திக் குடுத்தாங்க, அதுக்கு மூணு வாரம், அதுவரைக்கும் ரெண்டரை ஏக்கரையும் தள்ளுற மெஷின்ல மாலிங்க வெட்டினாங்க. டெலிவரி பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பிளேடை ஒரு தடவை ஆட்டிப் பாத்துடுங்க, ஆடிச்சுன்னா வண்டியை இறக்கவே விடாதீங்க.