ஒத்தக்கடை வாடகை ஃப்ளாட்: எங்களுக்கு நாலு ஸ்டார், பிள்ளைகளுக்கு ரெண்டு

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் புதுசாக எழும்பும் மூன்று மாடி அபார்ட்மென்ட்களில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது மேல் மாடியில், ரெண்டு பெட்ரூம். கட்டடத்தின் பெயரைப் போடவில்லை, இன்னும் அங்கேதான் குடியிருக்கிறோம்.

பெரியவர்கள் கணக்கில் நல்ல வீடு. போர் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, பைக் நிறுத்த இடம் உண்டு, விவசாயக் கல்லூரியும் ஐகோர்ட் கிளையும் பக்கம், மாட்டுத்தாவணிக்கு நினைத்த நேரத்தில் பஸ். புரோக்கர் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் அவர் வாயே திறக்காத விஷயங்களில்தான் ஆறாவது படிக்கும் மகளும் ரெண்டாவது படிக்கும் மகனும் மார்க்கைக் குறைக்கிறார்கள்.

முதலில் வெக்கை. தலைக்கு மேல் நேராக மொட்டை மாடி, பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் ராத்திரிதான் சூட்டைக் கீழே இறக்கும். பிள்ளைகள் அறை எட்டரைக்குப் பத்து அடி. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு இரண்டாவது அறைக்குக் குறைந்தபட்சமாகச் சொல்வது 7.5 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 80 சதுர அடி, ஆக அளவில் குறை சொல்ல முடியாது. இருக்கிறது ஒரே ஜன்னல், அதுவும் மேற்குப் பார்த்த ஸ்லைடிங், பாதிதான் திறக்கும். அக்னி நட்சத்திரத்தில் மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுவாள், ஹாலில் தாத்தாவின் டிவி.

8, 10, 12 வயதுப் பிள்ளைகளிடமே நேரடியாகக் கேட்கும் 'சில்ட்ரன்ஸ் வேர்ல்ட்ஸ்' என்று ஒரு சர்வதேச ஆய்வு இருக்கிறது, இந்தியாவிலும் நடந்தது. குடியிருக்கும் வீடு பிடித்திருக்கிறதா என்பதோடு, படிக்க அமைதியான இடம் இருக்கிறதா, வீட்டில் பயமில்லாமல் இருக்க முடிகிறதா என்றும் கேட்கிறார்கள். அதையே மகளிடம் கேட்டேன். "பயமெல்லாம் இல்லப்பா, உக்காந்து படிக்கத்தான் இடமில்ல" என்றாள். அதே அளவு அறைதான் தரைத்தளத்து வீட்டிலும், ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் இந்தப் புகார் இல்லை: சூடு கிடையாது, கதவைத் திறந்தால் வாசல்.

மகனுக்கு வேறு வழக்கு. மொட்டை மாடி எப்போதும் பூட்டு, கீழே கார் பார்க்கிங்கில் பந்தை எடுத்தாலே யாராவது விரட்டுகிறார்கள், வெளியே மேலூர் ரோட்டு வண்டிகள். சாவி கேட்டால் ஓனர், "பிள்ளைக விழுந்துட்டா யாரு சார் பதில் சொல்றது" என்கிறார். நியாயம்தான், கைப்பிடிச் சுவர் அவ்வளவு தணிவு. அதை உயர்த்திக் கட்ட வேண்டியதும் அவர்தானே? அவன் முழு மார்க் போட்டது யானைமலைக்கு மட்டும், பின்பக்க பால்கனியில் நின்றால் படுத்திருக்கும் யானை அப்படியே தெரியும். அதற்கு வாடகை வாங்கவில்லை, நல்லவேளை.

மொட்டை மாடிக்கு, வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளைக் கூல் பெயிண்ட் அடித்துத் தரச் சொல்லி ஓனரிடம் கேட்டிருக்கிறேன், பாதிச் செலவு நீங்கள் என்றால் சரி என்கிறார். பேசிக்கொண்டிருக்கிறோம்.

வீடு பார்க்கப் போனால் மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள், காலையில் எந்த மேல் மாடியும் குளுகுளுவென்றுதான் இருக்கும். பிள்ளைகளையும் கூட்டிப் போய் அவர்கள் அறையில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். மாடிச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.